புது கேமிங் கம்ப்யூட்டர் பாதியில் படுத்துவிடுகிறதா? ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் நோட்டை எடுங்கள்!

பிராசஸர் ஒரு கடையில், கிராபிக்ஸ் கார்டு ஆன்லைனில், கேபினட் இன்னொரு கடையில் என்று மாதக்கணக்கில் விலை பார்த்து வாங்கி, வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டபடி மகனோ மகளோ தானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். முதல் தடவை பட்டனை அழுத்தியதும் விளக்கெல்லாம் எரிந்தது. விண்டோஸும் வந்துவிட்டது. வீடே கைதட்டியது. ஆனால், கேம் ஆரம்பித்த இருபதாவது நிமிடம் திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மறுபடி ஆன் செய்தாலும் அதே கதை.

அதற்குப் பிறகு நடப்பது பல வீடுகளுக்கும் பொது. ‘‘அப்பவே சொன்னேன், கடையில ரெடிமேடா வாங்கியிருக்கலாம்னு’’ என்பார் அப்பா. ‘‘இந்த கேம்தான் எல்லாத்துக்கும் காரணம்’’ என்பார் அம்மா. பிள்ளையோ ராத்திரி ரெண்டு மணி வரை விண்டோஸை மூன்றாவது முறையாக இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பான். போட்ட பணம் பெரிது. அதோடு, வாங்கிய பாகத்தைக் கடைக்காரர் கேள்வி கேட்காமல் மாற்றித் தரும் சில நாட்களும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பதற்றத்தில்தான் தப்பான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ‘ரேம் போயிருக்கும்’ என்று ஒருவர் சொல்வார், புது ரேம் வாங்குவோம். ‘எஸ்.எம்.பி.எஸ். பத்தாது’ என்று இன்னொருவர் சொல்வார், அதையும் வாங்குவோம். பிரச்னை மட்டும் அப்படியே இருக்கும். இந்த வாரம் சொல்லப்போவது ஒரே விஷயம்: காசு செலவில்லாத சோதனைகளை முதலில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி. இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் குற்றவாளி பெரும்பாலும் வீட்டிலேயே பிடிபடுவார்.

எப்படி விழுகிறது என்று பாருங்கள்

காய்ச்சல் என்று போனால் டாக்டர் உடனே மாத்திரை எழுத மாட்டார். எப்போது வருகிறது, குளிர் இருக்கிறதா என்று கேட்பார். கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான். ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், என்ன ஓடிக்கொண்டிருந்தது, எத்தனை நிமிடத்தில் விழுந்தது, எப்படி விழுந்தது என்று எழுதுங்கள். அந்த ‘எப்படி’தான் முக்கியம்.

சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று மொத்தமும் அணைந்தால், கரண்ட் வரும் பாதையை முதலில் சந்தேகப்படுங்கள். சுவர் பிளக், யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். என்று அந்தப் பாதை போகிறது. கடுமையான சூடும் இப்படிச் செய்யும்.

படம் மட்டும் காணாமல் போய், பின்னணி சத்தம் சில விநாடிகள் கேட்டுக்கொண்டே இருந்தால், கிராபிக்ஸ் கார்டு, அதன் டிரைவர், அதற்கு வரும் பவர் கேபிள் பக்கம் பாருங்கள்.

விண்டோஸ் பிழைத்திரை வந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப் பெயர் காட்டினால், ரேம் மேல் சந்தேகம் கூடுகிறது. காலங்காலமாக நீலத்தில் வந்த இந்தத் திரை, 2025 முதல் விண்டோஸ் 11-ல் கறுப்பாக மாறிவிட்டது. ஆகவே, கறுப்புத் திரை என்றதும் மானிட்டரைத் திட்டாதீர்கள். அதில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்துவிட்டால், அந்த கேமின் ஃபைல்கள் கெட்டிருக்கலாம். வேறு இரண்டு கேம்களிலும் இதேபோல் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாகங்களிடம் போக வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். பிழைத்திரை வந்த மறுவிநாடியே விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால், பலருக்கு அந்தப் பெயரைப் படிக்கவே நேரம் கிடைப்பதில்லை. விண்டோஸின் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் பகுதியில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’க்குள் போய், ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நிற்கும், செல்போனில் படம் பிடித்துக்கொள்ளலாம்.

ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல் பவர் 41’ என்ற வரி சிவப்புக் குறியோடு இருக்கும். இதைப் பார்த்துவிட்டு ‘பவர் என்று வருகிறதே’ என எஸ்.எம்.பி.எஸ். மாற்றுபவர்கள் உண்டு. அந்த வரி சொல்வது, ‘கம்ப்யூட்டர் முறைப்படி அணைக்கப்படவில்லை’ என்பதை மட்டும்தான். ஏன் அணைந்தது என்று அதற்கே தெரியாது.

முதலில் சுவரிலிருந்து தொடங்குங்கள்

நம் வீடுகளில் எளிதாகத் தப்பிவிடும் குற்றவாளி, மேஜைக்கு அடியில் இருக்கும் பழைய யு.பி.எஸ். அதன் மேல் 600 வி.ஏ. என்று எழுதியிருந்தால், 600 வாட்ஸ் தாங்கும் என்று அர்த்தமல்ல. அந்த அளவு யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தரும். பின்பக்க ஸ்டிக்கரில் வாட்ஸ் எவ்வளவு என்று போட்டிருக்கும், பாருங்கள்.

ஒரு நடுத்தர கேமிங் கம்ப்யூட்டரைக் கணக்குப் போடுவோம். ஆர்.டி.எக்ஸ். 4070 கிராபிக்ஸ் கார்டு 200 வாட்ஸ். ரைசன் 5 7600 பிராசஸர் முழு வேலையில் 88 வாட்ஸ் வரை போகும். மதர்போர்டு, ரேம், ஃபேன்கள், மானிட்டர், எஸ்.எம்.பி.எஸ்ஸிலேயே சூடாக வீணாவது எல்லாம் சேர்த்தால் 400 வாட்ஸை நெருங்கிவிடும். தவிர, கிராபிக்ஸ் கார்டு கண் இமைக்கும் நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும். மெயில் பார்க்கும்போதும் படம் பார்க்கும்போதும் ஒன்றும் ஆகாது. கேமில் பெரிய சண்டைக் காட்சி வந்ததும் யு.பி.எஸ். ‘பீப்’ என்று கத்திவிட்டுக் கையை விரித்துவிடும். பிள்ளை மாட்டியதில் தவறே இருக்காது.

சோதனை சுலபம். யு.பி.எஸ்ஸைத் தவிர்த்துவிட்டு, கம்ப்யூட்டரை நேரடியாக மூன்று பின் சுவர் பிளக்கில் ஒரு நாள் மட்டும் போட்டுப் பாருங்கள். அயர்ன் பாக்ஸும் ஃபிரிட்ஜும் தொங்கும் ஜங்ஷன் பாக்ஸில் வேண்டாம். பிரச்னை நின்றுவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? பல இன்வெர்ட்டர்களில் ‘நார்மல்’, ‘யு.பி.எஸ்.’ என இரண்டு மோடு உண்டு. நார்மலில் மாறும் வேகம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது.

கேபினட்டின் இரும்பைத் தொட்டால் ‘சுர்’ரென்று இருந்தால், சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். எர்த் சரியில்லை என்பதற்கு அது அடையாளம். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கம்ப்யூட்டர் காத்திருக்கட்டும்.

பெட்டியில் போட்ட வேகம் ரேமின் இயல்பான வேகம் அல்ல

ரேம் பெட்டியில் 6000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் மாட்டியதும் அது அந்த வேகத்தில் ஓடாது. அதன் அடிப்படை வேகம் 4800, 5600 என்று குறைவாகவே இருக்கும். பயாஸில் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்பதை ஆன் செய்தால்தான் பெட்டியில் உள்ள வேகம் வரும். அது ஒருவகை ஓவர்கிளாக்கிங். ரேம் நல்லதாகவே இருந்தாலும், குறிப்பிட்ட பிராசஸரும் மதர்போர்டும் அந்த வேகத்துக்கு ஒத்துழைக்காமல் போகலாம்.

எனவே அதை ஆஃப் செய்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கிராஷ் நின்றுவிட்டால், பயாஸ் அப்டேட் செய்தோ, வேகத்தை ஒரு படி குறைத்தோ சமாளிக்கலாம். கேமில் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் பெரும்பாலும் இருக்காது.

நிற்கவில்லையா? இரண்டு ரேம் இருந்தால், நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். உங்கள் மதர்போர்டின் புத்தகத்தில் படம் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு ரேமோடு ஓட்டுங்கள். அடுத்து மற்றொன்றோடு. ஒன்றில் விழுந்து இன்னொன்றில் விழாவிட்டால் யார் என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள்.

உறுதி செய்ய மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருள் உண்டு. பென் டிரைவில் போட்டு, இரவு படுக்கும்போது ஓடவிட்டால் காலையில் முடிவு இருக்கும். ‘ஒரே ஒரு எரர்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். ஒன்று வந்தாலும் அது ஃபெயில்தான். எக்ஸ்.எம்.பி. ஆஃபில் ஒருமுறை, ஆனில் ஒருமுறை ஓட்டினால், ரேம் கெட்டதா, வேகம் ஒத்துவரவில்லையா என்பது பிரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. டி.டி.ஆர்.5 ரேமை மாற்றி மாட்டியபின் முதல் முறை ஆன் செய்தால், திரை சில நிமிடங்கள் இருட்டாகவே இருக்கலாம். மதர்போர்டு ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது. ‘செத்துவிட்டது’ என்று பயந்து பாதியில் அணைத்துவிடாதீர்கள்.

கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை

‘கடையில நாலு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம் சார், ஒண்ணும் ஆகலை’ என்று திருப்பி அனுப்பும்போது கோபம் வரும். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கடையில் ஏ.சி. ஓடுகிறது, அறை 24 டிகிரி. சென்னை மே மாதத்தில் உங்கள் மாடி அறை 35 டிகிரி. வெளிக்காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை டிகிரி உள்ளே பிராசஸரிலும் கூடும். அதோடு கேபினட்டை மர அலமாரிக்குள் தள்ளிக் கதவையும் சாத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு பாகத்தின் சூட்டையும் காட்டும். கேம் ஓடும்போது பதிவு செய்ய விடுங்கள். ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்களில் பல, கடும் வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால், ஆன் செய்து கேம் எதுவும் போடாமலேயே 80, 90 என்று ஏறினால், கூலர் சரியாக உட்காரவில்லை. கூலரைக் கழற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். புதிதாக மாட்டுபவர்கள் அடிக்கடி மறக்கும் விஷயம் இது. மறுபடி மாட்டும்போது பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும்.

கேபிளில் கவனம்

கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு பவர் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளில் கிளை பிரிந்து வரும் இரண்டு முனைகளையும் மாட்டுவதைவிட, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுப்பதே பாதுகாப்பு. புது வகை சிறிய பின்கள் கொண்ட கனெக்டர் என்றால், இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாக உள்ளே போக வேண்டும். 2022-ல் ஆர்.டி.எக்ஸ். 4090 வந்த புதிதில் கனெக்டர்கள் உருகியதாகப் புகார்கள் எழுந்தன. அப்போது ஆராய்ந்து பார்த்த என்விடியா, முழுதாகச் செருகாததை முக்கியக் காரணமாகச் சொன்னது.

இரண்டு விஷயங்களில் விளையாடவே கூடாது. ஒன்று, வேறு எஸ்.எம்.பி.எஸ்ஸின் கேபிளை எடுத்து இதில் மாட்டக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும், பாகங்கள் கருகிவிடும். இரண்டு, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும்.

குற்றம் ஒரிடம், பழி ஓரிடம்

பிழைச் செய்தியை நம்பி மட்டும் பாகம் வாங்கக் கூடாது என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை உயர் ரகப் பிராசஸர்கள் வைத்திருந்த பலருக்கு, கேம் திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற செய்தியோடு கிராஷ் ஆனது. வீடியோ மெமரி என்றால் கிராபிக்ஸ் கார்டு. ஆகவே பலரும் கார்டையும் டிரைவரையும்தான் சந்தேகப்பட்டார்கள். உண்மையில் தடுமாறியது பிராசஸர்.

2024 ஜூலையில் இன்டெல், பிராசஸர் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொள்வதை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் அதற்கான திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. செப்டம்பரில் மேலும் ஒன்று. பெட்டியில் விற்ற பிராசஸர்களுக்கு மூன்று வருட வாரன்டியை ஐந்தாக நீட்டித்தது. அப்டேட், இனிமேல் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரியாக்காது. அந்த வரிசையில் பிராசஸர் வாங்கியிருந்தாலோ, செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகிறீர்கள் என்றாலோ, இதை நினைவில் வையுங்கள்.

எந்த பிராசஸராக இருந்தாலும், புது கம்ப்யூட்டரில் பயாஸை மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துப் புதுப்பிப்பது நல்லது. அப்டேட் நடுவே கரண்ட் போனால் மதர்போர்டே முடங்கிவிடலாம். அந்த நேரத்தில் கேம் ஓடாது என்பதால், நாம் மேலே குறை சொன்ன அதே யு.பி.எஸ். இங்கே உதவும். கிராபிக்ஸ் டிரைவரையும் பழையதை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ஒன்று மாற்றினால் காத்திருங்கள்

எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்றால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வந்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்த கம்ப்யூட்டர் என்றால், ஒரு மாற்றத்துக்குப் பின் இரண்டு மணி நேரமாவது விழாமல் ஓட வேண்டும். நாளுக்கு ஒருமுறை விழுவது என்றால் நான்கைந்து நாள் காத்திருக்க வேண்டும். பலன் இல்லையென்றால் அந்த மாற்றத்தைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கடைக்குப் போகும்போது

இத்தனைக்கும் அடங்காவிட்டால் கடைதான். தனித்தனியாக வாங்கிய பாகங்களுக்கு பில்லும் வாரன்டியும் தனித்தனி. எல்லா பில்லையும் செல்போனில் படமெடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பெட்டிகளை ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மதர்போர்டைத் தனியே அனுப்புவதானால், பிராசஸர் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மாட்டித்தான் அனுப்ப வேண்டும். உள்ளே ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரன்டியை மறுப்பார்கள்.

‘அடிக்கடி ஹேங் ஆகுது’ என்று மட்டும் சொன்னால், கடையில் ஐந்து நிமிடம் டெஸ்க்டாப்பைப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். நோட்டுப் பக்கத்தைக் காட்டுங்கள். ‘நேரடி பிளக்கில் போட்டாச்சு, எக்ஸ்.எம்.பி. ஆஃப், இந்த ரேமை மட்டும் போட்டால் மெம்டெஸ்ட்டில் எரர் வருது, இதோ வீடியோ’ என்று சொன்னால், பேச்சே மாறிவிடும். அதற்கும் அசையாமல், வாரன்டி இருந்தும் அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புதிதாக மாட்டிய கம்ப்யூட்டர் முதல் வாரத்தில் தகராறு செய்வது, பல வருடம் அசெம்பிள் செய்தவர்களுக்கும் நடப்பதுதான். உங்கள் பிள்ளை பணத்தை வீணாக்கிவிட்டான், வீணாக்கிவிட்டாள் என்று அதற்கு அர்த்தமில்லை. திட்டுவதற்குப் பதில் நோட்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, ‘இப்ப எத்தனையாவது நிமிஷம்?’ என்று பக்கத்தில் உட்காருங்கள். ரேமைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட நேரம் குறிக்கலாம்.

இன்று மாலைக்கு மூன்று வேலை: யு.பி.எஸ்ஸின் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள், எக்ஸ்.எம்.பி. ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், பில்களைப் படமெடுங்கள். மீதியை நாளை பார்த்துக்கொள்ளலாம்.